ஒரே ஆளுக்கு இரண்டு சீட்: சென்னை – சிங்கப்பூர்

விமானத்தில் ஒரே ஆள் இரண்டு சீட் வாங்கலாம் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. ‘எக்ஸ்ட்ரா சீட்’ என்று கேட்டால் கிடைக்கும். டிக்கெட்டில் ஈ.எக்ஸ்.எஸ்.டி. என்று நான்கு எழுத்து விழும், அதுதான் அடையாளம். சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வர இந்தத் தடவை அப்படித்தான் வாங்கினேன். காசு கொடுத்த அந்த இரண்டாவது சீட் எப்படி இருந்தது, எங்கே இடித்தது, யாருக்கு இது உதவும் என்று எழுதுகிறேன். போனது ஒரு நிறுவனம், வந்தது இன்னொன்று. இரண்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

குரோம்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறோம். பிளவுஸ், சுடிதார் என் பொறுப்பு. சட்டை, பேன்ட் என் வீட்டுக்காரர் பார்ப்பார். எனக்கு இடுப்புச் சுற்றளவு 54 இன்ச், எடை 118 கிலோ. உடம்பு ஏன் இப்படி என்று யாருக்கும் நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அளவைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பிரச்சினை முழுக்க அளவைப் பற்றியது.

இன்ச் டேப் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். போகும்போது விமானத்தில் உட்கார்ந்ததும் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன். 17 இன்ச். சின்ன விமானங்களில் இதை முடிவு செய்வது விமானத்தின் உடல் அகலம். போயிங் 737இல் நடைவழிக்கு இந்தப் பக்கம் மூன்று சீட், அந்தப் பக்கம் மூன்று. மூன்று பதினேழு 51. கைப்பிடி நான்கு, ஒன்றுக்கு 2 இன்ச் வைத்தால் 8. ஆக ஒரு பக்கத்துக்கு 59 இன்ச். ஏர்பஸ் ஏ320க்கு உடல் கொஞ்சம் அகலம், அதனால் அதில் சீட்டுக்கு 18 இன்ச் வரை கிடைக்கிறது. 737 முதலில் பறந்தது 1967இல். அதன் உடல் அகலம் அதற்கும் முந்தைய 707இலிருந்து வந்தது. 1950களில் வரைந்த அகலத்துக்குள்தான் இன்றைக்கும் ஆறு பேர் குறுக்கே உட்காருகிறோம்.

பெரிய விமானங்களில் நடந்தது வேறு. அங்கே இடம் இருந்தது, நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. போயிங் 777 வந்த புதிதில் எகானமியில் குறுக்காக 9 சீட் போடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். இப்போது 10 சகஜமாகிவிட்டது. 787ஐ 8 சீட்டுக்கு வசதியாக வரைந்தார்கள். ஆனால் அநேகமாக எல்லோரும் போடுவது 9. வரிசையில் ஒரு சீட் கூடினால் மற்ற ஒவ்வொரு சீட்டிலிருந்தும் ஒரு இன்ச்சோ அதற்கு மேலோ போய்விடும். டிக்கெட் வாங்கும்போது இதை யாரும் நம்மிடம் சொல்வதில்லை.

சரி, 17 இன்ச்சில் யார் உட்கார முடியும்? நின்றபடி எடுத்த அளவில் பேன்ட் தைத்தால் உட்காரும்போது பிடிக்கும். சதை பக்கவாட்டில் விரியும். அதற்காகத்தான் இடுப்புக்குக் கீழே லூஸ் விடுகிறோம். ஒல்லியானவர்களுக்கும் விட வேண்டும். நான் உட்கார்ந்து இரண்டு பக்கமும் ஸ்கேலை நிறுத்தி அளந்தால் 21 இன்ச் வருகிறது. ஆகவே 17இல் எனக்கு இடம் கிடையாது என்பது கணக்கிலேயே தெரிகிறது.

ஆனால் என் வீட்டுக்காரரைப் பாருங்கள். 68 கிலோ, யாரும் அவரைக் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். சட்டைக்கு ஷோல்டர் 18 போடுகிறார். தையலுக்கு அது போதும். ஆனால் இரண்டு புஜங்களையும் சேர்த்துக் குறுக்கே அளந்தால் 20 தாண்டுகிறது. அவரைப் போல் மூன்று பேரை 59 இன்ச்சுக்குள் வரிசையாக உட்கார வையுங்கள். தோள் கணக்கே 60 ஆகிவிட்டது. யாராவது ஒருவர் முன்னால் சாய்ந்துதான் ஆக வேண்டும். குண்டானவர் பக்கத்தில் வந்ததால்தான் இடம் போயிற்று என்று கோபப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இடம் முன்பே போய்விட்டது. என்னைப் போன்றவர்கள் வரும்போது அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அதற்காகப் பக்கத்தில் இருப்பவரின் கஷ்டம் பொய் என்று சொல்லவில்லை. இதற்கு முந்தைய பயணத்தில் ஒரே சீட்டில்தான் போனேன். ஜன்னல் பக்கம் நான், நடுவில் ஒரு பையன். புதுக்கோட்டைப் பக்கம், சிங்கப்பூரில் கட்டுமான வேலை, முதல் லீவு முடிந்து திரும்பிப் போகிறான். நான் உட்கார்ந்ததும் நடுக் கைப்பிடி இறங்கவில்லை. “பரவாயில்ல அக்கா, மேலயே இருக்கட்டும்” என்றான். நாலு மணி நேரமும் வலது தோளை முன்னால் மடக்கி, நடைவழிப் பக்கமே சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சாப்பிடும்போது இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, வலது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டே சாப்பிட்டான். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. மறுநாள் காலையில் சாரம் ஏறப் போகிறவன். அவனும் முழுக் காசு கொடுத்திருக்கிறான். அவன் சீட்டில் நாலு இன்ச் என்னிடம் இருந்தது. அதை அவனிடமிருந்து எடுத்தது நானா, எங்கள் இரண்டு பேரையும் அங்கே விற்று உட்கார வைத்தவர்களா? பதில் எதுவானாலும் தோள் வலி அவனுக்குத்தான். இனி இரண்டு சீட் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வாங்குவதில் முதல் சங்கடம், நான் பார்த்த இணையதளத்தில் அதற்கு வழி இல்லை. பயணிகள் இரண்டு பேர் என்று போட்டால் இரண்டாவது ஆளுக்குப் பாஸ்போர்ட் எண் கேட்கிறது. பல்லாவரத்தில் எங்களுக்கு வழக்கமான டிராவல்ஸ் தம்பியிடம் போனேன். “அக்கா, ரெண்டு டிக்கெட் நீங்களே போட்டுக்காதீங்க. அப்புறம் ரெண்டாவது ஆள் வரலைன்னு சீட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவான்” என்றார். நிறுவனத்தின் கால் சென்டருக்குப் பேசி, இரண்டு சீட்டும் ஒரே பி.என்.ஆரில் வருகிற மாதிரி, முதல் பெயர் இருக்கும் இடத்தில் எக்ஸ்ட்ரா சீட் என்று பதிவாகிற மாதிரி வாங்கித் தந்தார். பேசி முடிக்க ஒரு மதியம் முழுக்கப் போய்விட்டது. போனை எடுத்த முதல் பெண்ணுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. தங்கள் நிறுவனம் விற்கும் பொருளைத் தங்கள் ஆட்களுக்கே சொல்லிக்கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை.

விலை: போக வர எனக்கு 24 ஆயிரத்துச் சொச்சம். இரண்டாவது சீட்டுக்கு 19 ஆயிரத்துச் சொச்சம். வித்தியாசம் விமான நிலையக் கட்டணங்கள். அவை ஆளுக்குத்தான், காலி சீட்டுக்குப் போடவில்லை. சாமானுக்குத் தனியாக அனுமதி உண்டா என்று கேட்டேன், போகும்போது இல்லை, வரும்போது 7 கிலோ கைப்பை மட்டும் கூடுதல் என்றார்கள். சாப்பாடும் ஒன்றுதான். 19 ஆயிரம் எங்கள் கடையில் சின்னப் பணம் இல்லை. லைனிங் வைத்த பிளவுஸ் எத்தனை தைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் கொடுத்தேன்.

போகும்போது எல்லாம் ஒழுங்காக நடந்தது. கவுன்டரில் இரண்டு போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கேட்டில் இரண்டையும் ஸ்கேன் செய்தார்கள். ஜன்னலும் நடுவும் என்னுடையவை. நடுக் கைப்பிடியைத் தூக்கினால் 17ம் 17ம் கைப்பிடியின் 2ம் சேர்ந்து 36 இன்ச். உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் உடம்பை விட்டு நகர்த்தி, மூச்சை இழுத்து விட்டேன். ஒரு விமானத்தில் அப்படி உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நடைவழிச் சீட்டில் ஒரு வயதான அம்மா. நடுவில் ஆள் இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. தூங்கிக்கூட விட்டேன்.

பெல்ட் நீட்டிப்பு பற்றி ஒரு வார்த்தை. சீட் பெல்ட் எட்டாதவர்களுக்குத் துண்டு பெல்ட் ஒன்று தருவார்கள், இலவசம். ஏறும்போதே வாசலில் நிற்கும் பணிப்பெண்ணிடம் மெதுவாகச் சொல்லிவிட்டால் போதும். போகும்போது இருந்த பெண் அதை உள்ளங்கையில் சுருட்டி எடுத்து வந்து, குனிந்து, என் மடியில் வைத்துவிட்டுப் போனார். வேறொரு பயணத்தில் ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு “யாருக்கு எக்ஸ்டென்ஷன்?” என்று வரிசை வரிசையாகக் கேட்டபடி வந்தார். இரண்டும் ஒரே பெல்ட்தான், ஒரே வேலைதான். முதல் பெண்ணை நான் மறக்க மாட்டேன். கடையில் வாங்கிய சொந்த நீட்டிப்பைக் கொண்டு போகாதீர்கள், பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. நீட்டிப்பு போட்டால் அவசர வாசல் வரிசையில் உட்கார விடமாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

திரும்பி வரும்போதுதான் பிரச்சினை. சாங்கி கவுன்டரில் இரண்டு போர்டிங் பாஸும் வந்தன. கேட்டில் இருந்தவர் ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு, இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்தார். “இதையும் செய்யுங்கள்” என்றேன். “தேவையில்லை மேடம்” என்றார். உள்ளே போய் உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகு, ஒரு பணியாளர் ஒரு இளைஞரைக் கூட்டிக்கொண்டு வந்து நடுச் சீட்டைக் காட்டினார். விமானம் நிறைந்துவிட்டது, இந்தச் சீட்டுக்காரர் வரவில்லை என்று மிஷினில் காட்டுகிறது, கொஞ்சம் நகருங்கள் என்றார். இது என் சீட், காசு கொடுத்திருக்கிறேன் என்று ரசீதைக் காட்டினேன். “ஒருத்தருக்கு எப்படி மேடம் ரெண்டு சீட் இருக்கும்?” என்று சத்தமாகவே கேட்டார். முன் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து திரும்பிப் பார்த்தார்கள். அந்த இளைஞர் பாவம், பையைக் கட்டிக்கொண்டு நடைவழியில் நிற்கிறார், அவர் பின்னால் வரிசை நிற்கிறது. மேலதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் அசையவில்லை. கீழேயிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து, கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, ஈ.எக்ஸ்.எஸ்.டி. என்ற எழுத்தைக் கண்டதும் விஷயம் முடிந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். முதலில் வந்தவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இளைஞருக்குப் பின்னால் ஒரு சீட் கிடைத்தது.

இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. அடுத்தவர் தோளை நெருக்கக் கூடாது என்று 19 ஆயிரம் கொடுத்தவள் நான். அந்தச் சீட்டுக்காக விமானம் முழுக்கப் பார்க்க, என் உடம்பைக் காட்டி வாதாட வைத்துவிட்டார்கள். ஆகவே நீங்கள் வாங்கினால், கேட்டில் இரண்டாவது பாஸையும் ஸ்கேன் செய்யும்வரை நகராதீர்கள். ரசீதைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு 5க்கு 5 கொடுப்பேன். அதை விற்ற விதத்துக்கு 2தான்.

இந்தச் செலவை யார் ஏற்க வேண்டும் என்பதில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியில் போயிருக்கிறது. கனடாவில் 2008 ஜனவரியில் அந்நாட்டுப் போக்குவரத்து ஆணையம் ஏர் கனடா, வெஸ்ட்ஜெட் நிறுவனங்களுக்கு ஒரு உத்தரவு போட்டது. உள்நாட்டு விமானங்களில் ஒரு ஆளுக்கு ஒரு கட்டணம்தான். உடல் பருமனே ஊனமாகிவிட்டவருக்கு இரண்டாவது சீட் தேவைப்பட்டால் அதற்குத் தனியாகக் காசு வாங்கக் கூடாது. நிறுவனங்கள் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின. நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் பல நிறுவனங்கள், இரண்டு கைப்பிடியும் இறங்காவிட்டால் இரண்டாவது சீட் வாங்கு என்கின்றன. அங்கே சவுத்வெஸ்ட் மட்டும் நீண்ட காலம் தாராளமாக இருந்தது: முன்கூட்டி வாங்கினால் பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், கேட்டில் கேட்டாலும் கொடுத்தார்கள். 2026 ஜனவரி கடைசியிலிருந்து அதையும் இறுக்கிவிட்டார்கள். இப்போது முன்கூட்டியே வாங்கியாக வேண்டும், விமானத்தில் ஒரு சீட்டாவது காலியாக இருந்தால்தான் பணம் திரும்பக் கிடைக்கும். பெரிய உடம்புக்காரர்கள் அங்கே கொதித்துப்போனார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இறுக்கிய விதியாவது இங்கே வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். போகும்போது என் விமானத்தில் பின்பக்கம் முழு வரிசையே காலியாகக் கிடந்தது. அப்படி இருக்க அந்த 19 ஆயிரத்தில் பாதியையாவது திருப்பித் தருவதில் நிறுவனத்துக்கு என்ன நஷ்டம்?

சமோவா ஏர் என்ற சின்ன நிறுவனம் 2013இல் எடைக்கு ஏற்ப டிக்கெட் விலை போட்டு உலகம் முழுக்கப் பேச வைத்தது. சிலர் அது நியாயம் என்கிறார்கள். அளவெடுப்பதே தொழிலாக உள்ளவளாகச் சொல்கிறேன், எடையை வைத்து அகலத்தைச் சொல்ல முடியாது. ஆறடி உயரத்தில் 100 கிலோ இருப்பவர் 17 இன்ச்சில் இடுப்பை அடக்கிவிடலாம். அஞ்சடிக்குக் கீழே 85 கிலோ இருக்கும் பெண்ணால் முடியாமல் போகலாம். அந்த ஆறடிக்காரரிடம் கூடுதல் காசு வாங்கி, இந்தப் பெண்ணை நெருக்கத்தில் உட்கார வைத்தால் யாருக்கு என்ன தீர்ந்தது?

சீட்டுக்குக் குறைந்தபட்ச அளவு என்று ஒன்றை அரசு வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்காவில் 2018இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டே சொன்னது. 2022இல் விமானப் போக்குவரத்து நிர்வாகம் மக்களிடம் கருத்துக் கேட்டபோது 26 ஆயிரத்துக்கும் மேல் கருத்துகள் வந்து குவிந்தன. நான் இதை எழுதும்வரை அளவு வரவில்லை. அவர்கள் பார்ப்பது ஆபத்தில் 90 வினாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியுமா என்ற ஒன்றைத்தான், சௌகரியத்தை அல்ல. சட்டம் வரும்போது வரட்டும். டிக்கெட் வாங்கும் பக்கத்தில் புறப்படும் நேரம், சாமான் எடை எல்லாம் போடுகிற இடத்தில் சீட் அகலம் இத்தனை இன்ச் என்று ஒரு வரி போடலாமே. நாங்கள் ஒரு பிளவுஸுக்கே அளவைப் பில்லில் எழுதித் தருகிறோம்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்தில் என்னைப் போல் ஒருவர் வந்து உட்கார்ந்து இடம் போதவில்லை என்றால், சகித்துக்கொண்டு நாலு மணி நேரம் கோணலாக உட்காராதீர்கள், பெருமூச்சும் விடாதீர்கள். பணிப்பெண்ணிடம் எழுந்து போய்த் தனியாகக் கேளுங்கள். கதவு சாத்தியதும் எந்தச் சீட் காலி என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், புறப்படுவதற்கு முன்பே மாற்றிவிடலாம். நீங்கள் எழுந்து போனால் எங்களுக்குக் கோபம் வராது. எங்களுக்கும் இடம் கிடைக்கும்.

இரண்டு சீட் வாங்குகிறவர்கள் முதல் வரிசையையும் அவசர வாசல் வரிசையையும் தவிர்த்துவிடுங்கள். அங்கே பல விமானங்களில் சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள் இருக்கும். அதனால் கைப்பிடி தூக்க வராது, சீட்டும் இன்னும் குறுகல். இரண்டு சீட் வாங்கியும் நடுவே சுவர் நிற்கும். ஜன்னலும் நடுவும் நல்லது. நடைவழிப் பக்கம் உட்கார்ந்தால் தள்ளுவண்டி தோளில் இடிக்கும். கடைசி வரிசை பல விமானங்களில் சாயாது. நடைவழிக் கைப்பிடிக்கு அடியில், முதுகுப் பக்கம் கீலுக்குப் பக்கத்தில் தடவிப் பார்த்தால் பல விமானங்களில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அந்தக் கைப்பிடியும் மேலே வரும். இறங்கும்போது அது பெரிய உதவி.

மறுபடி போகும்போதும் இரண்டு சீட்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் விமானத்தைப் பார்த்து வாங்கப் போகிறேன். ஏர்பஸ் ஏ330இல் எகானமி பெரும்பாலும் 2-4-2 என்று இருக்கும். ஓரத்தில் இரண்டே சீட். இரண்டையும் நானே வாங்கிவிட்டால் பக்கத்தில் யாருமே வரப்போவதில்லை. ஸ்ரீலங்கனில் ஏ330 உண்டு. கொழும்பில் இறங்கி ஏற வேண்டியிருக்கும், நேரமும் கூடும். டிராவல்ஸ் தம்பியிடம் எந்தெந்தக் கிழமை அந்த விமானம் வருகிறது என்று பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.